நல்லிருக்கை ஏழு நாள்

திருவனந்தபுரத்துக்கு நான் கோயில் பார்க்கப் போகவில்லை. என் வலது கையை ஒருவரிடம் காட்டப் போனேன். போய் வந்தவர்களெல்லாம் பத்மநாபரைப் பற்றியும் சங்குமுகம் கடற்கரையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்தது பெரும்பாலும் ஓர் ஓட்டுக் கூரையின் உள்பக்கம். மல்லாந்து கிடக்கிறவனுக்கு அதற்குமேல் என்ன தெரியும்?

நான் தந்தி ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக மோர்ஸ் கட்டையில் சேதியைப் புள்ளியும் கோடுமாக அடிக்கிறவன். ஒரு வருஷமாகக் கட்டையில் கையை வைத்தாலே தோள் காதுக்கு ஏறிவிடும். விரல்கள் இறுகிக்கொள்ளும். மூன்று புள்ளி அடிக்க வேண்டிய இடத்தில் நாலு விழும். எஸ் எழுத்தெல்லாம் எச் ஆகிவிடும். கம்பியின் மறுமுனையில் இருக்கிறவர்கள் “திரும்ப அடி, திரும்ப அடி” என்று கேட்டு அலுத்துப்போனார்கள். தூக்கமும் போயிற்று. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் மாஸ்டர் பத்து நாள் லீவு கொடுத்தார். பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு அவர் எதிரில் உட்கார்ந்து பிழையில்லாமல் அடித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் என் கட்டை வேறு ஆளுக்குப் போகும். நான் முன்பக்க ஜன்னலில் உட்கார்ந்து, ஜனங்கள் எழுதிக் கொடுக்கிற தந்தியில் வார்த்தை எண்ண வேண்டும். அதுவும் கௌரவமான வேலைதான். ஆனால் எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. அதைப் பிடுங்கிக்கொண்டால் நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியாது.

என் அக்கா புருஷன் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கிறார். அத்தானுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. “இங்கே மாதவன் என்று ஓர் உழிச்சில்காரர் இருக்கிறார். எண்ணெய் வைத்து நீவி நரம்பை இளக்கிவிடுவார். ஏழு நாள் உழிச்சில். ஆடி மாதம் அதற்கென்றே ஆன மாதம். வா.” போக ஒரு நாள், உழிச்சில் ஏழு நாள், வர ஒரு நாள், மூச்சு வாங்க ஒரு நாள். என் கணக்கு கச்சிதமாக இருந்தது.

முதல் நாள் பூராவும் பஸ்ஸிலேயே போயிற்று. சமஸ்தான எல்லையில் சுங்கச் சாவடிக்காரர் என் பொடி டப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்து, தும்மி, அதைத் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார். புகையிலைச் சாமான் உள்ளே போகக் கூடாதாம். உள்ளே போனது அவர் மூக்குக்குள்தான். வழியில் மழையில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் இடது கையால் தள்ளினேன். பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவர் தன் மனைவியிடம் மலையாளத்தில், “அந்தப் பாண்டிக்காரன் ஒரு கையால் தள்ளுகிறான். அரை டிக்கெட் போலிருக்கிறது” என்றார். பாண்டிக்காரன் என்றால் அங்கே தமிழன். மலையாளம் எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார்.

பழவங்காடியில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கணபதி கோயில் முன்னே சிதறுகாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு காய் உடைத்தால் அன்றைக்கு அது ஒரு காரியம். இங்கே ஓயாமல் உடைகிறது. டக், டக், டடக். என் வலது கைவிரல்கள் அதைத் தந்தி என்று எண்ணி எழுதிக்கொள்ள எழும்பின. அந்தக் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மண்டிக்கு நடந்தேன்.

“வா மாப்ளே. இப்படியா நனைஞ்சு வருவ? முதல்ல தலையத் தொவட்டு” என்றார் அத்தான். முப்பது வருஷம் சாலையில் இருந்தும் திருநெல்வேலிப் பேச்சு போகவில்லை, மேலே கொஞ்சம் மலையாளம் பூசியிருந்தது. “நாளைக்குக் காலம்பற உன்ன மாதவன் வீட்டுல கொண்டு விடுகேன். பயப்படாண்டாம், கேட்டியா? நோவவே செய்யாது.” மட்டையரிசிச் சோறு போட்டார்கள். ஒவ்வொரு பருக்கையும் எங்கள் ஊர் அரிசியில் மூன்றுக்குச் சமம். அதை மென்று முடிப்பதற்குள் பாதித் தூக்கம் வந்துவிட்டது. மீதிப் பாதி வழக்கம்போல வரவில்லை.

இரண்டாம் நாள். மாதவன் வீடு கோட்டைக்கு வெளியே, ஜட்காவில் கால் மணி நேரம். அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். நோயாளியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், பக்கத்து வீட்டு மாடு தன் வாழையைத் தின்றதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வேலையை ஆரம்பிக்கிறவர். வீட்டு நிர்வாகம் அவருடைய அக்கா பார்கவியம்மாவிடம். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் சிரிப்பு கிடையாது. மாதவன் என்னைக் கோவணத்தோடு நீளமான மரப்பலகையில் படுக்க வைத்து, வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டார்.

மல்லன் மாதிரி ஒருவர் வந்து முறுக்கிப் பிழிவார் என்று எதிர்பார்த்திருந்தேன். மாதவன் என் தோளுக்கு அடியில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார். மாட்டுக் கதை முடிந்தது, வாழைக் கதை முடிந்தது, கை அங்கேயே இருந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு என் வலது கையை மெதுவாகத் தூக்கினார்.

“அண்ணாச்சி, கைய எனக்கு விட்டுத் தரணும்” என்றார். சாலை வியாபாரிகளிடம் பழகிய தமிழ்.

“விட்டாச்சே.”

“விட்டில்ல. பாருங்க.”

தன் கையை எடுத்துக்கொண்டார். என் கை அந்தரத்திலேயே நின்றது. விழவில்லை. நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை.

“இத இப்ப ஆராக்கும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?” என்று கேட்டார் மாதவன். ஆத்திரம் போய் பயம் வந்தது.

மூன்று, நான்கு, ஐந்தாம் நாட்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. தங்கல் மாதவன் வீட்டிலேயே. காலையில் எண்ணெய், மத்தியானம் கஞ்சியும் பயறும், ஒரு சுட்ட பப்படம். காப்பி கிடையாது. தாகத்துக்குச் சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர். பொடியும் இல்லை, காப்பியும் இல்லை. மண்டை விண்விண் என்று தெறித்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. மாதவன் அழுத்தவே இல்லை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே போக்காக நீவுவார். நடுவில் எங்காவது இறுகியிருந்தால் அதன்மேல் கையை வைத்துக் காத்திருப்பார். நான் மூச்சு விடும்போது அவர் கை கொஞ்சம் இறங்கும். அவ்வளவுதான் அவர் வித்தை. அதைச் செய்வதற்கு என்ன பொறுமை வேண்டும் என்று படுத்துக்கிடந்தவனுக்கே தெரிந்தது.

ஆறாம் நாள் என் கையைத் தூக்கிவிட்டுத் தன் கையை எடுத்தார். தொப்பென்று பலகையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் நானே திடுக்கிட்டேன். “ஆ, இப்ப வந்நு” என்று சொல்லிவிட்டு மாதவன் மறுபடி மாட்டுக் கதைக்குப் போனார். அன்றிரவு எட்டு மணிக்குப் படுத்தவன் காலையில்தான் விழித்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு. எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷமா அலுப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எட்டாம் நாள் காலையோடு ஏழு உழிச்சிலும் முடிந்தன. நாளைக் காலைப் பஸ்ஸில் கிளம்புகிறேன் என்றேன். மாதவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே நின்றுவிட்டார்.

“அப்ப நல்லிருக்கை?”

அது என்ன என்றேன். எத்தனை நாள் உழிச்சிலோ அத்தனை நாள் சும்மா இருக்க வேண்டுமாம். அதற்குப் பெயர் நல்லிருக்கை. பிரயாணம் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, வெயிலும் மழையும் கூடாது, பகல் தூக்கம் கூடாது, மனசைக் கலக்குகிற சமாசாரம் எதுவும் காதில் விழக் கூடாது. இளகிய நரம்பு இடத்தில் உட்கார அத்தனை நாள் வேண்டும். இப்போது பஸ்ஸில் குலுங்கினால் ஏழு நாளும் வீண்.

அத்தானை வரவழைத்தேன். “இத ஏன் எழுதல்ல?” என்று கேட்டேன்.

“ஏழு நாள் உழிச்சில்னு எழுதினேனே, மாப்ளே. ஏழுன்னா பதினாலுதானே? இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. உனக்குத் தெரியாதுன்னு நான் நினைக்கவேயில்ல.” நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். கோபித்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

ஒன்பதாம் நாள் காலை, லீவை ஒரு வாரம் நீட்டிக்கச் சொல்லி மாஸ்டருக்குத் தந்தி கொடுக்க அத்தானை அனுப்பினேன். மத்தியானமே சைக்கிள் மணி கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தந்திச் சேவகர் நனைந்துகொண்டே உறையை நீட்டினார். பார்கவியம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, நேரே போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

எனக்கு வந்ததல்லவா என்று கேட்டேன். நல்லிருக்கையில் இருப்பவர்களுக்கு வருகிற கடிதம் எதையும் அது முடியாமல் கொடுக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை என்று மலையாளத்தில் சொன்னார். நல்ல சேதியானாலும் சரிதான். முன்பு ஒருவர் பேரன் பிறந்தான் என்று படித்துத் துள்ளிக் குதித்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாராம்.

“சாவுச் சேதியானால்?” என்றேன்.

“செத்தவருக்கு என்ன அவசரம்?” என்றார் அந்த அம்மாள். பிறகு கொஞ்சம் இரங்கி, “கேட்டால் கொடுத்துவிடுவோம். யாரையும் கட்டிப்போட்டு வைக்கவில்லை. ஆனால் பிரித்தால் தம்பி பொறுப்பில்லை” என்று சாவியைக் காட்டினார்.

தந்திக்காரனுக்கு ஒரு சாபம் உண்டு. உறையைப் பார்த்தே உள்ளே இருப்பதை ஊகித்துவிடுவான். லீவு தருவதானால் மாஸ்டர் மூன்று நாள் யோசிப்பார். இல்லை என்று சொல்ல அரை நாள் போதும். அரை நாளில் வந்துவிட்டது. அப்படியானால் நான் உடனே புறப்பட வேண்டும். ஒருவேளை வேறு ஏதாவதாக இருந்தால்? அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பத்தாம் நாள். சாயங்காலம் ஐந்து மணிப் பஸ்ஸைப் பிடித்தால் பரீட்சைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். காலையில் பார்கவியம்மா சந்தைக்குப் போன நேரத்தில் மெள்ள வெளியேறி, உறையைப் பிரிக்காமலே சேதியைத் தெரிந்துகொள்ள ஜட்கா பிடித்துத் தந்தி ஆபீஸுக்குப் போனேன். குதிரை நடுத்தெருவில் நின்றுவிட்டது. வண்டிக்காரர் அதனிடம் குடும்ப விஷயமெல்லாம் பேசி மன்றாடினார். அது கேட்கவில்லை. மீதித் தூரம் நடந்தேன்.

உள்ளே கட்டைக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒருவர். என் பெயரையும் ஊரையும் சொன்னதும் எழுந்துவிட்டார்.

“அந்த நாலு புள்ளி ஆளு நீங்கதானா?”

அவர் வேலாயுதம், நாகர்கோவில்காரர். எங்கள் ஆபீஸோடு நேர்க்கம்பியில் பேசுகிறவர். எட்டு வருஷமாக அவர் அடிப்பதை நான் கேட்டிருக்கிறேன், நான் அடிப்பதை அவர் கேட்டிருக்கிறார். நீண்ட கோட்டைக் கொஞ்சம் இழுத்து அடிக்கிற கை. ஆள் உயரமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். குள்ளம்.

“உங்க கைய எனக்கு நல்லாத் தெரியும். மொகத்த இன்னைக்குத்தான் பாக்கேன்” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“நான்தான் அத வாங்கி எழுதினேன். ஆனா வாயால சொல்லக் கூடாதுல்லா, சட்டம் உமக்கே தெரியும். நகல் வேணும்னா எழுதிக் குடும், இந்த நிமிஷமே தாரேன்.” ஒரு மனுப் பாரத்தை எடுத்து நீட்டினார்.

பாரத்தோடு வெளி பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே கருவி அடித்துக்கொண்டிருந்தது. கேட்க வேண்டாமென்றாலும் காது கேட்கும். யாரோ பரீட்சையில் தேறிவிட்டான். யாருக்கோ அம்மாவுக்கு அபாயம், உடனே வா. ஒரு கல்யாணம் தள்ளிப்போகிறது. பத்தொன்பது வருஷமாக இப்படி ஊரார் சேதியெல்லாம் என் தோள் வழியாகத்தான் போயிருக்கிறது என்று அப்போது தோன்றியது. ஒவ்வொன்றுக்கும் நான் கொஞ்சம் இறுகியிருக்கிறேன். யார் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று மாதவன் கேட்டதற்கு இதுதான் பதில்.

கையைப் பார்த்தேன். மடியில் கிடந்தது. விரல் ஒன்றுகூட எழும்பவில்லை. தோள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

பாரத்தில் பெயரை எழுதினால் போதும். எழுதினால் படிக்க வேண்டும், படித்தால் ஓட வேண்டும். தைரியத்தால் நான் எழுதாமல் இருக்கவில்லை. நம்பிக்கையாலும் இல்லை. ஓடி ஓடி அலுத்துவிட்டது, அவ்வளவுதான். பாரத்தை மடித்து வேலாயுதத்திடம் திருப்பிக் கொடுத்தேன். ஐந்து மணிக்கு நான் மாதவன் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள். நல்லிருக்கையில் உழிச்சில் கிடையாது. ஆனாலும் மாதவன் காலையில் எட்டிப் பார்த்தார். இன்றைக்குப் பத்து மணிக்கு அங்கே பரீட்சை என்றேன். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளுக்கு அடியில் கையை வைத்தார். மாட்டைப் பற்றிப் பேசவில்லை. பத்து அடித்தது. பத்தேகாலும் ஆயிற்று. ஒரு வருஷத்துச் சம்பளத்தை யாராவது கொடுத்து அந்தக் கையை எடுக்கச் சொல்லியிருந்தாலும் மாட்டேன் என்றிருப்பேன். “மதி, போதும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு நாலு நாள் என்ன செய்தேன் என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று தெரியாது. எங்கள் ஊரில் சும்மா உட்கார்ந்தால் நாலு பேர் வந்து என்ன உடம்புக்கு என்பார்கள். இங்கே சும்மா இருப்பதற்கு ஒரு பெயர் வைத்து, அதற்கு நாள் கணக்கும் வைத்து, காவலுக்கு ஒரு அம்மாளையும் நிறுத்தியிருக்கிறார்கள். கூரை ஓடுகளை எண்ணினேன். நன்றாகத் தூங்கினேன். நடுநடுவே மாஸ்டர் நினைப்பு வரும், மறுபடி முதல் ஓட்டிலிருந்து எண்ணுவேன்.

பதினாறாம் நாள் காலை பார்கவியம்மா என்னைக் குளிக்கச் சொல்லி, நெற்றியில் சந்தனம் வைத்து, அலமாரியைத் திறந்து உறையைக் கொடுத்தார். பிரித்தேன். “லீவு நீட்டிப்பு இல்லை. பரீட்சைக்குத் தவறாமல் வரவும்.”

நினைத்ததுதான். இருந்தாலும் இரண்டு தரம் படித்தேன்.

மாதவனிடம் கேட்டேன்: “அன்னைக்கே பிரிச்சுப் படிச்சுப் போயிருந்தா?”

“போயிருக்கலாம். அங்க போய் அடிச்சிருக்கவும் கூடும். ரெண்டு மாசம் ஓடும். பின்னே பழையபடி தோள் மேல ஏறும்.”

“அப்ப நான் செஞ்சது சரியா?”

“எனக்குக் கையத்தான் தெரியும், அண்ணாச்சி. உங்க ஆபீஸ் தெரியாது” என்றார். பொய்யாக ஓர் ஆறுதல் சொல்லாமல் இருந்தாரே, அதற்கு இன்றைக்கும் அவரை மதிக்கிறேன்.

அத்தானிடம் விடைபெற்றுக்கொண்டு, பஸ்ஸுக்குப் போகிற வழியில் தந்தி ஆபீஸில் இறங்கினேன். “இன்று புறப்படுகிறேன். சங்கரலிங்கம்” என்று எழுதி ஜன்னலில் நீட்டினேன். வேலாயுதம் அதைப் படித்தார். என் கையைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு, தன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார்.

“நீரே அடியும்” என்றார். அது சட்டத்துக்கு ஒத்த காரியமில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

உட்கார்ந்தேன். கட்டையில் விரலை வைத்தேன். எங்கள் ஆபீஸைக் கூப்பிட்டேன். பதில் வந்தது. அடிக்கிற தோரணையிலேயே தெரிந்துவிட்டது, மறுமுனையில் மாஸ்டரே இருக்கிறார். சேதியை அடித்தேன். கை தானாகப் போயிற்று. எஸ் எஸ்ஸாகவே விழுந்தது. முடித்ததும் “கிடைத்தது” என்று அடையாளம் வரும் என்று காத்திருந்தேன். அது வந்தது. பிறகு கருவி மறுபடி அடிக்கத் தொடங்கியது.

“வேலாயுதம், இன்று உங்கள் கை புதிதாக இருக்கிறது. மிகவும் சுத்தமாக இருக்கிறது. இப்படி ஒரு கை எனக்கு இங்கே இல்லாமல் போயிற்று. சங்கரலிங்கம் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள், அவர் கட்டைக்கு நேற்று ஆள் வந்தாயிற்று. அவசரமாக வர வேண்டாம்.”

பத்தொன்பது வருஷம் ஒரே அறையில் மாஸ்டர் கேட்ட என் கை. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அறையில் எங்கள் இருவருக்கும் அது ஒன்றுவிடாமல் கேட்டது. வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார்.

“சொல்லிவிடுகிறேன்” என்று அடித்துவிட்டு எழுந்தேன்.